பெர்னாண்டோ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போர்த்துக்கீசக் கப்பித்தான் வரை போக முடியுமா?

கொற்கைத்துறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கத்து பெர்னாண்டோ குடும்பம் நாங்கள். பெரியப்பா ஒருவர் வரைந்த வம்சாவளிப் படம் வீட்டில் இருக்கிறது. உச்சியில் 'கப்பித்தான் பெர்னாந்தஸ், லிஸ்பன், 1545' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே ஏழாவது கட்டத்தில் 1850 வாக்கில் பிறந்த என் தாத்தாவின் தாத்தா. அண்ணன் மகன் ஒருவன் இதை அப்படியே வம்சாவளித் தளம் ஒன்றில் ஏற்றிவிட்டான். இப்போது முன்பின் தெரியாத பெர்னாண்டோக்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து தங்கள் மரத்தை இதில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்.

சித்தப்பா கட்சி வேறு. "நாம் பாண்டிய ராஜ வம்சம், ஞானஸ்நானத்துக்குப் பக்கத்தில் நின்ற ஞானத்தகப்பன் பெயரை வாங்கி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான், வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஒரு சொட்டு சம்பந்தம் கிடையாது" என்பார். கல்யாண வீட்டில்கூட இதே சண்டை. யார் பக்கம் ஆதாரம் இருக்கிறது? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஏடுபுரட்டி எழுதியது:

தம்பி, ஆவணத்துக்குப் போகும் முன் படத்தையே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1545 முதல் 1850 வரை 305 வருடம். ஏழு தலைமுறை என்றால் ஒவ்வொருவரும் சராசரியாக 43, 44 வயதில் வாரிசைப் பெற்றிருக்க வேண்டும். ஒருவர் இருவர் அப்படி இருக்கலாம், வரிசையாக ஏழு பேருமா? முப்பது வயது என்று தாராளமாகப் போட்டாலும் பத்துத் தலைமுறை வர வேண்டும். மூன்று நான்கு பேர் விடுபட்டிருக்கிறார்கள், அல்லது மேலே இருக்கும் பெயர்கள் பிற்பாடு நிரப்பியவை.

இன்னொன்று. 1545-ல் முத்துக்குளித்துறையின், அதாவது நம் தூத்துக்குடிக் கரையின், கப்பித்தான் யார் என்பது மர்மம் இல்லை. சவேரியார் 1544, 1545-ல் தன்னோடு வேலை செய்த மான்சில்லாசுக்கு எழுதிய கடிதங்களில் அந்த ஆளைப் பெயர் சொல்லியே குறை கூறுகிறார். அவர் பெயர் கோஸ்மே தெ பைவா. பெர்னாந்தஸ் இல்லை.

வெள்ளாப்பு எழுதியது:

கப்பித்தான் என்றால் துறைக்கு அதிகாரி மட்டும்தானா? கப்பல் ஓட்டியவனும் கப்பித்தான்தான். கோஸ்மே தெ பைவாவைக் காட்டி வாயடைப்பது சரியில்லை ஏடுபுரட்டி அண்ணே.

ஏடுபுரட்டி எழுதியது:

சரி, கப்பல் கப்பித்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் தேடுவது இன்னும் கடினம். லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் பதிவுகளை வைத்திருந்தது காசா த இந்தியா என்ற அரசு அலுவலகம். 1755 நிலநடுக்கத்தில் அந்த ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அந்த நூற்றாண்டில் ஒரு சாதாரண மாலுமி வந்தான், இங்கே குடும்பம் வைத்தான் என்று காகிதத்தில் காட்டுவது அநேகமாக நடக்காத காரியம். படத்தில் ஊர், வருடம், பதவி எல்லாம் இவ்வளவு துல்லியமாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது.

முத்துச்சலாபம் எழுதியது:

இந்த இழையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி வந்தது என்பது தெரியாமல் வம்சத்தைப் பேசிப் பயனில்லை.

1530-களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகத் தூத்துக்குடியில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பெரிய மோதல். ஒரு பரதவரின் காதைக் கம்மலோடு அறுத்ததில் மூண்டது என்று மரபு. அந்த நெருக்கடியில் போர்த்துக்கீசரிடம் பாதுகாப்புக் கேட்கலாம் என்று யோசனை சொன்னவர் ழுவாவோ த குருஸ். இந்த இடத்தைக் கவனியுங்கள், பெயரைப் பார்த்தால் அசல் போர்த்துக்கீசர் மாதிரி இருக்கிறதே, ஆனால் அவர் மலபார்க்காரர். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி இளவயதில் லிஸ்பனுக்கு அனுப்பி வைத்த ஆள். அங்கே ஞானஸ்நானம் பெற்று, திரும்பி வந்து குமரி முனைப் பக்கம் குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பட்டங்கட்டிகள் என்ற பரதவ ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள், பாதுகாப்பு கிடைத்தது. 1536, 37-ல் கொச்சிக் குருக்கள் வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

இந்தக் கடற்கரையில் 'தெ குருஸ்' என்று பெயர் போட்டுக்கொண்ட குடும்பங்கள் போர்த்துக்கீச ரத்தம் என்று பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பெயரை முதலில் இங்கே கொண்டுவந்தவரே ஒரு மலையாளக் கரைக்காரர்!

அத்தனை ஆயிரம் பேருக்கு ஒருசில குருக்கள். பெயர் என்ன ஆற அமர யோசித்தா வைத்திருப்பார்கள்? குருவானவரின் பெயர், பக்கத்தில் நின்ற படைவீரனின் பெயர், ஞானத்தகப்பனின் பெயர், அன்றைக்குத் திருநாள் கொண்டாடும் புனிதரின் பெயர், எது வாயில் வந்ததோ அது. சில வருடம் கழித்துத் திருவிதாங்கூர்க் கரையில் தான் செய்ததைச் சவேரியாரே எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுப்பாராம். எழுதிக் கொடுத்தால்தான் நினைவில் நிற்கும் என்ற அளவுக்கு அது அந்நியமான பெயர்.

பெர்னாண்டோ விஷயத்தில் இன்னொரு தடயமும் உண்டு. போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது ஆளின் முன்பெயர். குடும்பப் பெயராக வருவது பெர்னாந்தஸ். உங்கள் வீட்டார் ஒரு பெர்னாந்தஸின் ஆண்வழி வாரிசு என்றால் பெர்னாந்தஸ் என்றே தொடர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்பெயர் குடும்பப் பெயராக உறைந்து நிற்பது, அது ஞானஸ்நானத்தில் வந்த பெயர் என்ற பக்கமே தராசைச் சாய்க்கிறது. ரொட்ரிகோவும் இப்படித்தான்.

சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஞானத்தகப்பன் பெயர் என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகப் பாண்டிய ராஜாவிடம் போவதற்கும், பெரியப்பா ஒரே தாவாக லிஸ்பன் போனதற்கும் வித்தியாசம் இல்லை. பாண்டியபதி என்பது சாதித்தலைவருக்கு உரிய பட்டம். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு 1806-ல் தங்கத் தேர் ஓடவைத்த பாண்டியபதியின் பெயர் தோன் கபிரியேல் தெ குருஸ் வாஸ் கோமஸ். ஒரே ஆளுக்கு மூன்று போர்த்துக்கீசக் குடும்பப் பெயர், மேலே பாண்டியன் பட்டம். அதில் எந்தப் பெயரைப் பிடித்து எந்த ரத்தத்துக்குப் போவீர்கள்?

பாண்டியன்பேரன் எழுதியது:

கொற்கை யாருடைய துறைமுகம்? முத்து யாருடைய செல்வம்? பரதவர் பாண்டியரின் கடற்படை. இதற்கு ஆதாரம் வேறு வேண்டுமா? சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. வெளிநாட்டான் எழுதியதை வைத்து நம் வம்சத்தைக் குறைக்காதீர்கள்.

முத்துச்சலாபம் எழுதியது:

பரதவர் சங்கப் பாட்டில் இருக்கிறார்கள், யார் இல்லை என்றது? ஒரு சமூகத்தின் தொன்மை வேறு, கொற்கைத்துறை தம்பியின் தாத்தாவுக்குத் தாத்தா யாருடைய மகன் என்பது வேறு. அவர் கேட்டது இரண்டாவதை.

நீர்கொழும்பான் எழுதியது:

இலங்கைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பெர்னாண்டோ என்று கூப்பிட்டால் பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிங்களவரில் உண்டு, தமிழரில் உண்டு, கத்தோலிக்கர், பௌத்தர் எல்லாரிலும் உண்டு. இத்தனை பேரும் ஒரு கப்பித்தானின் பிள்ளைகள் என்றால் அவர் வேறு வேலையே பார்த்திருக்க முடியாது.

எங்களுக்கு ஒரு வசதி, பெயருக்கு முன்னால் வரும் வாசகம என்ற குலப்பெயர். வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய என்று வரும். வம்சம் தேடுகிற ஆள் பெர்னாண்டோவை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார். பெர்னாண்டோ கோட்டை ராச்சிய காலத்தில் மேலே போட்ட சட்டை, உள்ளே இருக்கும் பெயர் அதற்கு முந்தியது.

இரண்டாவது வசதி தோம்பு என்ற அரசுப் பதிவேடு. போர்த்துக்கீசர் 1614-ல் தொடங்கினார்கள், டச்சுக்காரர் அதை விரிவாக்கினார்கள். காணித் தோம்பில் நிலமும் உடையவரும், தலைத் தோம்பில் ஊர் வாரியாகக் குடும்பத்து ஆட்கள், பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் கல்யாணமும். டச்சுக்காரருக்குக் கத்தோலிக்கரைக் கண்டால் ஆகாது, ஆனால் கல்யாணம் அவர்கள் பதிவில் ஏறினால்தான் சொத்துரிமை. அதனால் கத்தோலிக்கக் குடும்பங்களும் அதில் அகப்படுகின்றன. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டு வரை கெட்டியாகப் போன ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஐரோப்பியத் தந்தைவழி என்று நிரூபிக்க நினைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் பறங்கியரைப் பாருங்கள். 1908-ல் கொழும்பில் டச்சு பேகர் சங்கம் தொடங்கியபோது ஆண்வழியில் ஒரு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் வரை காகிதம் காட்டினால்தான் உறுப்பினர். அந்தக் காகிதக் கறாரோடு உங்கள் பெரியப்பா படத்தை வைத்துப் பாருங்கள்.

ஏடுபுரட்டி எழுதியது:

டச்சுக்காரர் கறாருக்குக் காரணம் சம்பளப் பேரேடு. கம்பெனிக் கப்பலில் வந்தவனின் ஊர், கப்பல், எங்கே செத்தான், பாக்கிச் சம்பளம் யாருக்குப் போனது எல்லாம் எழுதி வைத்தார்கள். ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, 18-ஆம் நூற்றாண்டு ஆட்களை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். தூத்துக்குடி 1658 முதல் அவர்கள் கையில் இருந்தது, இடையில் ஆங்கிலேயர் பிடித்ததும் விட்டதும் போக 1825-ல்தான் முழுசாகக் கைமாறியது. உண்மையில் ஐரோப்பியக் கலப்பு இருக்கும் சில தூத்துக்குடிக் குடும்பங்களுக்கு அது போர்த்துக்கீசரைவிட டச்சுக் காலத்ததாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை யாரும் தேடுவதில்லை, போர்த்துக்கீசப் பெயர் இருக்கிறதே என்று லிஸ்பனுக்கே ஓடுகிறார்கள்.

வெள்ளாப்பு எழுதியது:

நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கமாகவே இழுக்கிறீர்கள். போர்த்துக்கீசர் இங்கே கல்யாணம் செய்துகொள்ளவே இல்லையா? கோவாவில் அல்புகெர்க்கே ஆள் வைத்து உள்ளூர்ப் பெண்களைக் கட்டிவைத்தது பொய்யா? தோப்பாசியர் என்று ஒரு போர்த்துக்கீசக் கலப்புக் கூட்டமே கரையோரம் எல்லாம் இருந்தது. எங்கள் பாட்டி பூனைக்கண்ணு. மேசைக்காரர் என்ற மேல்தட்டுப் பரதவர் குடும்பங்களில் இந்த வாய்மொழி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. காகிதம் கரையான் தின்றதற்குக் குடும்ப நினைவு என்ன செய்யும்?

மரபணுமாணவி எழுதியது:

வெள்ளாப்பு சொல்வதில் நியாயம் உண்டு, கலப்பு நடக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பூனைக்கண் ஆதாரம் ஆகாது, தென்னிந்தியாவில் கடல் பக்கமே போகாத குடும்பங்களிலும் அது வரும்.

டிஎன்ஏ பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பலர் எச்சில் கொடுத்து வாங்கும் சாதாரணப் பரிசோதனை இந்தக் கேள்விக்கு உதவாது. 1545-லிருந்து இன்றைக்குச் சுமார் பதினாறு தலைமுறை. அந்தத் தலைமுறையில் உங்களுக்கு மூதாதையர் இடம் 65,536. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் கழிந்து வருவதால், அந்த 65,536 பேரில் பெரும்பாலானவர்களிடமிருந்து உங்கள் உடம்பில் ஒரு துண்டுகூட இருக்காது. '2 சதவீதம் ஐபீரியா', அதாவது ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம், என்று அறிக்கையில் வந்தாலும் அது கணிப்பின் இரைச்சலாக இருக்கலாம், வரவில்லை என்பதாலும் ஒன்றும் நிரூபணம் ஆகாது.

கேள்வி ஆண்வழி பற்றியது, அதனால் பார்க்க வேண்டியது ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகும். போர்த்துக்கல்லில் பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் ஆர்1பி என்ற கிளை. தமிழ்நாட்டில் அது அபூர்வம், இங்கே எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 இப்படித்தான் அதிகம். உங்கள் வீட்டு ஆண் ஒருவருக்கு எச் வந்தால் நேர் ஆண்வழியில் கப்பித்தான் இல்லை என்று கிட்டத்தட்ட முடித்துவிடலாம். ஆர்1பி வந்தால்? ஐரோப்பியர் ஒருவர் எங்கோ இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அவர் போர்த்துக்கீசரா, டச்சுக்காரரா, ஆங்கிலேயரா என்பதற்கு இன்னும் ஆழமான பரிசோதனை வேண்டும். கப்பித்தானா கூலிக்காரனா என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

முக்கியமானது, ஒரே ஆள் போதாது. பெரியப்பா கிளையில் ஒருவர், அதற்கு முன்னே பிரிந்த கிளையில் ஒருவர் என்று இரண்டு பேர் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிரிந்த இடம் வரை அது குடும்பத்து வழி என்று சொல்லலாம். அப்புறம், தளம் 'மூன்றாம் சுற்று உறவு' என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். கடற்கரை ஊர்களில் திரும்பத் திரும்ப உறவுக்குள்ளேயே கட்டுவதால் தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரித் தெரியும்.

கொற்கைத்துறை எழுதியது:

பரிசோதனைக்குப் பெரியப்பா மகன் சம்மதிக்க மாட்டார் அக்கா. "எச் வந்துவிட்டால் படத்தை என்ன செய்வது" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். பங்குக் கோயில் ஏடுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். எதைத் தேட வேண்டும்?

ஏடுபுரட்டி எழுதியது:

கீழிருந்து மேலே போங்கள். கப்பித்தானை மறந்துவிடுங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசி ஆளின் கல்யாணப் பதிவை முதலில் எடுங்கள். கல்யாணப் பதிவில்தான் இரண்டு பக்கத்து அப்பா அம்மா பெயரும் இருக்கும், சாட்சிகளும் இருப்பார்கள். உறவுக்குள் கட்டியிருந்தால் அதற்குத் திருச்சபையிடம் விலக்கு வாங்கியது எழுதியிருக்கும். இதைப் பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எத்தனையாவது படி உறவு என்று போட்டிருந்தால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாட்டன் எந்தத் தலைமுறை என்று அதிலிருந்தே கணக்குப் போடலாம்.

லத்தீனில் எழுதிய ஏட்டில் சூசை யோசேபுஸ் ஆகியிருப்பார், மிக்கேல் மிக்கேலிஸ் என்று வேற்றுமை உருபோடு நிற்பார், சந்தியாகு யாக்கோபுஸ். தமிழில் எழுதியதில் பர்னாந்து, பெறுனாந்து, பெர்னாந்து எல்லாம் ஒரே ஆளுக்கே வரும். எழுத்தை வைத்து இரண்டு குடும்பம் என்று பிரித்துவிடாதீர்கள்.

உங்கள் ஊரில் பழைய கோயில் இரண்டு இருந்தால் இரண்டு ஏட்டையும் பாருங்கள். 1838-ல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரி இங்குள்ள கோயில்கள் மேல் இருந்த போர்த்துக்கீச மேலாட்சியைக் குறைத்து ஆணை போட்டதும், கோவாக் குருக்களுக்கும் புதிதாக வந்த பிரெஞ்சு சேசு சபையாருக்கும் நடுவே ஊர்கள் கட்சி பிரிந்தன. அண்ணன் ஒரு கோயில், தம்பி ஒரு கோயில் என்றுகூட இருந்தது. ஓர் ஏட்டில் பெயர் இல்லை என்றதும் ஆள் வெளியூரிலிருந்து வந்தவர் என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து. தூத்துக்குடி மறைமாவட்டமே 1923-ல் வந்தது, அதற்கு முந்தைய கடிதங்கள் திருச்சி, கொச்சிப் பக்கமும், செண்பகனூரில் சேர்த்து வைத்த சேசு சபைத் தாள்களிலும் கிடக்கும்.

கொற்கைத்துறை எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். ஓரங்கள் பொடிந்த ஏடு, பக்கம் புரட்டினால் மடியில் தூள் விழுகிறது. பொறுப்பில் இருந்தவர் நல்ல மனுஷர், கூடவே உட்கார்ந்து படித்துச் சொன்னார்.

தாத்தாவின் தாத்தா கல்யாணம் 1870-களில் இருக்கிறது. 'மிக்கேல் பர்னாந்து, சந்தியாகு மகன்'. சந்தியாகுவின் கல்யாணம் 1840-களில் அகப்பட்டது. அங்கே அவர் வெறும் சந்தியாகு. 'சூசை மகன், தண்டல்' என்று இருக்கிறது. பர்னாந்து இல்லை. அதே பக்கத்தில் மற்றவர்களுக்கு மோத்தா, கொறைரா, ரொட்ரிகோ என்று போட்டிருக்கிறார்கள், ஆக எழுதியவர் எல்லாருக்குமே விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. சந்தியாகுவுக்கு மேலே ஏடு இல்லை. பெரியப்பா படத்தில் சந்தியாகுவின் அப்பா பெயர் சூசை இல்லை, 'தோன் மானுவேல்'.

பாண்டியன்பேரன் எழுதியது:

நான் சொன்னேனே!

முத்துச்சலாபம் எழுதியது:

என்ன சொன்னீர்கள்? சூசை மகன் சந்தியாகு என்பதில் பாண்டியன் எங்கே இருக்கிறார்?

கொற்கைத்துறை, தண்டல் என்று எழுதியிருப்பது பெரிய விஷயம். தோணிக்குத் தலைமை ஏற்று ஓட்டுபவர் தண்டல். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்குத் தோணி ஓட்டிய ஆளாக இருக்கலாம். வீட்டில் 'நம் பாட்டன் கப்பல் ஓட்டியவர்' என்று ஒரு பேச்சு பிள்ளைகளுக்குப் போயிருக்கும். இரண்டு தலைமுறை கழித்து ஆங்கிலம் படித்தவர் ஒருவர் அதைக் கேட்டிருந்தால், போர்த்துக்கீசப் பெயர் கையில் இருக்க, கப்பித்தான் என்று எழுதிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதை நான் நிரூபிக்கவில்லை, ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் லிஸ்பனைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளாப்பு எழுதியது:

ஊகம் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. சந்தியாகுவின் அம்மா வழி, மனைவி வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்வழியில் தோப்பாசி கலப்பு இருந்தால் உங்கள் ஆண்வழி ஏடும் காட்டாது, ஒய் பரிசோதனையும் காட்டாது.

மரபணுமாணவி எழுதியது:

முழுக்கச் சரி. அதனால்தான் 'போர்த்துக்கீச மூதாதையர் யாருமே இல்லை' என்று எழுதக்கூடாது. 'பெர்னாண்டோ என்ற பெயர் அதற்குச் சாட்சி இல்லை' என்று மட்டும் எழுதலாம்.

கொற்கைத்துறை எழுதியது:

தளத்தில் சூசைக்கு மேலே இருந்த இணைப்பை எடுத்துவிடும்படி அண்ணன் மகனிடம் சொல்லி எடுத்தாயிற்று. மறுநாளே கனடாவில் இருக்கும் யாரோ ஒருவர் தன் மரத்திலிருந்து அதைத் திரும்ப ஒட்டிவிட்டார். அவருக்குச் செய்தி அனுப்பினேன். 'உங்கள் கிளைக்கு ஆதாரம் இல்லாமல் இருக்கலாம், எங்களுடையதற்கு இருக்கிறது' என்றார். என்ன ஆதாரம் என்று கேட்டால் எங்கள் பெரியப்பா படத்தின் புகைப்படத்தையே அனுப்புகிறார்.

இன்னொரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. மிக்கேலின் கல்யாணப் பதிவில் சாட்சி இருவர். ஒருவருக்குப் பக்கத்தில் 'கொழும்பு' என்று எழுதியிருக்கிறது, அவருக்கும் பர்னாந்து. படிக்காமலே கடந்துவிட இருந்தேன், ஏடு வைத்திருந்தவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

நீர்கொழும்பான் எழுதியது:

அதை ஏன் கடைசியில் சொல்கிறீர்கள்! தூத்துக்குடிப் பரதர் கொழும்பில் கடை வைத்தும் தோணி வைத்தும் நிறையப் பேர் இருந்தார்கள். இலங்கைக் குடிசன மதிப்பில் இன்றைக்கும் பரதர் என்று தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். அந்தச் சாட்சி சந்தியாகுவின் தம்பியாகவோ மச்சானாகவோ இருந்தால், சூசைக்கு மேலே போகிற வழி கொழும்பு ஏட்டில் இருக்கலாம். சாட்சியின் முழுப்பெயரும் வருடமும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முதலில் விசாரிக்கிறேன். இந்த வாரத்திலேயே போகலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு வருகிற கூட்டத்தில் ஏடு எடுத்துக் காட்ட ஒருவரும் அகப்பட மாட்டார்கள்.